பனிச்சரிவில் புதைத்த பொய்

அத்தியாயம் 4

கிருமாம்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் ஸ்கூட்டரை ஓரங்கட்டியதும் முதலில் கண்ணில் பட்டது அந்த ஃப்ளெக்ஸ்தான். இருபதடி உயரம். ஆரஞ்சு கலர் பனி ஜாக்கெட்டில் விஜயராஜ். ஒரு கையில் பனிச்சறுக்குக் கட்டை, இன்னொரு கையால் வானத்துக்கு ஒரு சல்யூட். 'ஆல்ப்ஸ் பனிச்சரிவில் நண்பனுக்காக உயிரைப் பணயம் வைத்த மாவீரனே வருக.' கீழே வாழ்த்துபவர்கள் முப்பது பேர், பாதிப்பேர் காதில் போனோடு.

செத்துப்போன நண்பன் எங்கே என்று தேடினேன். இடது மூலையில், ஃப்ளெக்ஸ் அடித்துக் கொடுத்த கடையின் போன் நம்பருக்குப் பக்கத்தில், ஸ்டாம்பு சைஸில் இருந்தான். நம்பர் அவனைவிடப் பெரிது.

"பாத்தியா மணி. எனக்கு வயித்தப் பொரட்டுது" என்றார் ஆரோக்கிய செல்வி அக்கா.

"காலைல துன்ன வடையா இருக்கும்க்கா."

"வடை இல்ல. மனுஷன்."

அக்காவுக்கு ஐம்பது வயது, சொந்த ஊர் வில்லியனூர். ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் பொய் கிளெய்ம்களைப் பிடித்துப் பிடித்து, மனிதர்கள்மேல் இருந்த மரியாதை மொத்தமும் போன பிறகு சொந்தமாகத் துப்பறிய ஆரம்பித்தவர். நான் மணிவண்ணன். அவருக்கு உதவியாளர், டிரைவர், கோபம் வந்தால் திட்டுவதற்கு ஓர் ஆள்.

எதிரே இருந்த பரோட்டா கடையில் மகாலட்சுமி காத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதுகூட ஆகவில்லை, கண்ணுக்குக் கீழே கரி பூசியதுபோல் இருந்தது. அவள் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த வழியில் அவளுக்கு பிரெஞ்சுக் குடியுரிமை. கல்யாணம் ஆனதும் கணவன் முத்துக்குமரனையும் அங்கே அழைத்துக்கொண்டாள். அபிஷேகப்பாக்கத்தில் மண்வெட்டியால் மண்ணைத் தூர்ப்பக்கம் இழுத்துக் கரும்புக்கு அணை கட்டிக்கொண்டிருந்தவன், ஆல்ப்ஸ் மலையில் ஒரு ஓட்டலில் சமையல்காரன் ஆனான். அதே ஓட்டலில் பரிமாறும் வேலை விஜயராஜுக்கு. மகாலட்சுமி வேலை பார்த்தது பனி விழாத வேறொரு ஊரில்; பாப்பா அவளோடு. பிப்ரவரியில் ஒரு லீவு நாளில் இரண்டு பேரும் சறுக்கப் போனார்கள். சறுக்குவதற்கென்று சீர்படுத்தி வைத்த பாதையில் அல்ல, அதை விட்டு வெளியே, யாரும் மிதிக்காத சரிவில். பனி மொத்தமாக இடிந்து இறங்கியது. விஜயராஜ் நடந்து திரும்பினான். முத்துக்குமரன் பெட்டியில் திரும்பினான்.

ஊருக்கு வந்து விஜயராஜ் சொன்ன கதை இது: 'போக வேண்டாம்னு தடுத்தேன். பொண்டாட்டி வீடியோ கேட்டாள்னு திமிரா எறங்கிட்டான்.' போதாதா? பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு மாமனார் தணிகைவேல், நாலு வயதுப் பேத்தியையும் அவள் பாஸ்போர்ட்டையும் உள்ளே வைத்துக்கொண்டு, 'எம்புள்ளய முழுங்கினவ, வெளிய போ' என்று மருமகளை அனுப்பிவிட்டார். மகாலட்சுமி ஒரு மாதத்துக்கு மேலாக மதகடிப்பட்டில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். லீவு முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விமானம். பாப்பா யாரிடம் இருக்க வேண்டும் என்று இன்று நாலு மணிக்கு மாமனார் வீட்டில் ஊர்ப்பேச்சு.

"வீடியோ கேட்டியா நீ?" என்று அக்கா நேராகவே கேட்டார்.

"கேட்டேன்க்கா. பாப்பாவுக்கு பனி காட்டறதுக்கு. ரெண்டு நாள் முன்னாடி." அவள் தண்ணீர் டம்ளரையே பார்த்தாள். "அதான்க்கா எனக்குத் தெரியணும். புள்ளைய வாங்கிக் குடுக்கறது அப்புறம். நான்தான் கொன்னேனான்னு தெரியணும்."

"பனி எப்பிடி இருந்துச்சி அன்னிக்கி?"

"ஓட்டல்ல விசாரிச்சேன். மோசம்தான். மேல காத்து அடிச்சிச் சேத்த பனி பலகை மாரி கெட்டியா. அடில அஸ்கா சர்க்கரை மாரி பொலபொலன்னு. ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. ஆபத்து எவ்ளோன்னு தெனம் போர்டு போடுவாங்க, ஒண்ணுலேந்து அஞ்சு. அன்னிக்கி மூணு. ஒரே ஒரு ஆளு ஏறி நின்னாகூட இடியலாம்னு அர்த்தம்."

அக்கா பரோட்டாத் தட்டைச் சாய்த்தார். எண்ணெய்ப் பிசுக்கில் பரோட்டா அசையவில்லை. இன்னொரு தட்டில் டீக்கடைச் சர்க்கரையைக் கொட்டிப் பரப்பினார். பரோட்டாவை இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியை மேலும் ஒரு பாதியைக் கீழுமாக வைத்து, அதே அளவுக்குச் சாய்த்தார். நின்றது. கீழ்ப் பாதியை ஒரு விரலால் லேசாகத் தொட்டார். சொய்யென்று இறங்கி என் மடியில் விழுந்தது.

"சால்னா ஊத்தாம உட்டீங்களே, புண்ணியம்" என்றேன்.

"மேல பாரு. பாதி இன்னும் நிக்கிது."

"அதுதான்க்கா பயம்" என்றாள் மகாலட்சுமி. "கீழ எறங்கினதும் மேல மிச்சம் தொங்கிக்னு இருக்கும். தேடப் போறவன் அதுக்கு நேர் கீழதான் போய் நிக்கணும். பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள தோண்டி எடுத்தா பொதைஞ்சவங்க பெரும்பாலும் பொழைப்பாங்க. அப்புறம் கஷ்டம்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் மேல் பாதியும் வழுக்கி வந்து என் சட்டையில் ஒட்டிக்கொண்டது. சர்க்கரையை உதறிக்கொண்டு எழுந்தேன். போலீஸ் ரிப்போர்ட் வர இன்னும் நாலு மாதம் ஆகுமாம். நாலு மணிக்கு இரண்டு மணி நேரம்தான் இருந்தது. இருக்கிற ஒரே நூல் விஜயராஜ்.

விஜயராஜ் வீட்டில் பாராட்டு விழாவுக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஏப்ரல் வெயிலில், மின்விசிறிக்கு நேர் கீழே, அந்த ஆரஞ்சு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வியர்வை தாடையிலிருந்து சொட்டியது. வலது கை ஆள்காட்டி விரலில் வெள்ளைக் கட்டு.

"ரெண்டு மாசம் ஆச்சே சார். இன்னும் ஆறலியா?" என்றேன்.

"நகம் பேந்துடுச்சிங்க. வெறுங்கையால ஒரு மணி நேரம் தோண்டினேன். பனி தோண்ட எடுத்துக்னு போன என் மம்மட்டி அடிச்சிக்னு போயிடுச்சி." குரல் தழுதழுத்தது. கட்டுத்துணி மட்டும் இன்று காலை வாங்கியதுபோல் பளபளத்தது.

அக்கா ரொம்பப் பணிவாக, "எங்களுக்கு இந்தப் பனியெல்லாம் தெரியாது தம்பி. கொஞ்சம் வெளக்கிச் சொல்லேன்" என்றார். அக்கா பணிவாகப் பேசினால் எதிராளி சீக்கிரம் மாட்டப்போகிறான் என்று அர்த்தம். அவனுக்கு அது தெரியாது. வாத்தியார் ஆகிவிட்டான்.

நெஞ்சில் கட்டும் ஒரு சின்ன மிஷினை எடுத்துக் காட்டினான். "இதுல ரெண்டு நெலமைங்க மேடம். போகும்போது எல்லாரும் 'அனுப்பு'ல வச்சிருப்போம். பொதைஞ்சவன்கிட்டேந்து சிக்னல் வந்துக்னே இருக்கும். வெளிய இருக்கறவன் 'தேடு'க்கு மாத்திக்னு தேடணும். நான் உடனே மாத்திட்டேன்."

"சுவிட்சு தானா மாறிடுமா?"

"சான்ஸே இல்ல. பூட்டு இருக்கு. அழுத்திப் புடிச்சித் தள்ளணும்."

"முத்துக்குமரன்கிட்டயும் மம்மட்டி இருந்துச்சில்ல?"

"இருந்துச்சி. பைக்குள்ள. தகடு தனி, காம்பு தனி, ரெண்டு துண்டா இருக்கும் மேடம். தேவைப்பட்டாதான் மாட்டுவோம். அவன் எங்க மாட்டறது? கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள பொதைஞ்சிட்டான். பாவம், பைய தொறக்கக்கூட இல்ல."

"பைய தொறக்கக்கூட இல்ல" என்று அக்கா மெதுவாகத் திருப்பிச் சொன்னார்.

"ஆமா மேடம். இதெல்லாம் ஃபங்ஷன்ல சொன்னா நல்லா இருக்குமில்ல?"

வெளியே வந்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும்போல் இருந்தது. செத்தவனைப் பற்றிப் பேசும்போது அவன் மூன்று முறை கண்ணாடியைப் பார்த்தான். நான் எண்ணினேன்.

அபிஷேகப்பாக்கத்தில் தணிகைவேலின் வீடு வயலை ஒட்டி இருந்தது. தெருக்காரர்கள் ஏழெட்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து, போண்டா தின்றபடி, ஒரு பெண்ணிடமிருந்து குழந்தையைப் பிடுங்குவது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். சாட்சி சொல்ல விஜயராஜ் எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டான். மகாலட்சுமியை கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தியிருந்தார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாப்பா அம்மாவையே பார்த்தது. அழவில்லை. அழுது பார்த்துப் பலன் இல்லை என்று அதற்கே தெரிந்துவிட்டது போல. எனக்கு அந்த போண்டாத் தட்டைத் தூக்கிச் சாக்கடையில் வீசலாம்போல் இருந்தது.

"நீங்க யாரும்மா நடுவுல?" என்றார் தணிகைவேல். அறுபது வயது, முறுக்கின மீசை, இடுப்பில் சாவிக்கொத்து.

"உங்க புள்ள படத்துக்கு ஒரு கும்புடு போட்டுட்டுப் போறேன்."

அதை யாரும் மறுக்க முடியாது. மாலை போட்ட படத்துக்கு முன்னால், பிரான்சிலிருந்து பார்சலில் வந்த சாமான்களைப் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் குங்குமம் வைத்திருந்தார்கள். கையுறை, கண்ணாடி, தொப்பி, நெஞ்சில் கட்டும் மிஷின், காலியான முதுகுப்பை. அக்கா கும்பிட்டார். குனிந்து மிஷினையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற மாமியார் தையலம்மாளிடம் கேட்டார்.

"மம்மட்டி ஒண்ணு வந்திருக்கணுமே?"

"வந்துச்சே. கொட்டாயில கெடக்குது. சாணி வார்றாரு அதுல."

தணிகைவேல் சட்டென்று திரும்பினார். அதற்குள் அக்கா மாட்டுக்கொட்டாய்க்குள் போய்விட்டார். சுவரோரமாக நாலு மண்வெட்டிகள் சாய்ந்திருந்தன. நாலும் மண்வெட்டியாகத்தான் எனக்குத் தெரிந்தன. நாலிலும் சாணி காய்ந்து அப்பியிருந்தது.

"ஒண்ணொண்ணா தூக்குடா மணி."

முதல் மூன்றும் இரும்பு கனம் கனத்தன. நாலாவதைத் தூக்கியபோது கை தானாக மேலே போய்விட்டது. அலுமினியம். சாணியை நகத்தால் சுரண்டினேன். நாற்றத்தோடு அடியில் ஒரு மஞ்சள் பெயின்ட் வந்தது.

அதை அப்படியே கொண்டுபோய் ஊர்ப்பேச்சுக்கு நடுவில் வைத்தேன். இரண்டு பேர் போண்டாவைக் கீழே வைத்தார்கள்.

"அம்மா, பார்சல்ல இது எப்பிடி வந்துச்சி?" என்று அக்கா கேட்டார்.

"இப்பிடியேதான். பொட்டி இவ்ளோ நீட்டு." தையலம்மாள் கையை அகட்டிக் காட்டினாள்.

"துண்டு துண்டா வரலியா? இங்க யாரும் மாட்டலியா?"

"மம்மட்டிய காம்பு இல்லாம யாரும்மா அனுப்புவான்?"

இதுதான் விஷயம். வேறு எந்த ஊராக இருந்தாலும் பெட்டியைப் பிரித்ததும், 'இதை யார் மாட்டினது?' என்று ஒருத்தராவது கேட்டிருப்பார்கள். இங்கே பிறந்ததிலிருந்து காம்போடு இருக்கிற மண்வெட்டியைத்தான் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். காம்போடு வந்தது, வாங்கி வைத்தார்கள்.

அக்கா விஜயராஜ் பக்கம் திரும்பினார். "பைய தொறக்கக்கூட இல்லன்னு சொன்ன இல்ல தம்பி? பைக்குள்ள ரெண்டு துண்டா இருந்தத, பொதைஞ்சி கெடந்தவன் எப்பிடி மாட்டினான்?"

"அ... அந்த ஊரு போலீஸ்காரன் மாட்டியிருப்பான்."

"நல்லது. அங்க பனிய அள்ளி அப்பால வீசுவாங்க. அதுக்கு தகட்ட நேரா மாட்டணும். இது குறுக்க திருப்பி மாட்டியிருக்கு. தன் பக்கமா வெட்டி இழுக்கறதுக்கு. வெள்ளக்காரப் போலீஸு கரும்புக்கு அணை கட்டினானா?"

விஜயராஜ் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினான்.

"அதையும் உடு. படத்துக்கு முன்னால இருக்கற மிஷின்ல சுவிட்சு எங்க நிக்கிது தெரியுமா? 'தேடு'ல. தானா மாற சான்ஸே இல்லன்னு நீதான் சொன்ன. அழுத்திப் புடிச்சித் தள்ளணும். பொதைஞ்சவன் யாரத் தேடினான் விஜயராஜ்? மேல இருந்தது ரெண்டே பேரு."

ஆரஞ்சு ஜாக்கெட்டுக்குள் அவன் சுருங்கினான். விரலில் சுற்றியிருந்த கட்டுத்துணியை இன்னொரு கையால் மூடிக்கொண்டான். உண்மை ஒரேயடியாக வரவில்லை, சளி துப்புவதுபோல் துண்டு துண்டாக வந்தது. வீடியோ ஆசை அவனுடையது. முத்துக்குமரன் வேண்டாம் என்றிருக்கிறான். இவன்தான் முதலில் இறங்கினான், இவன்தான் புதைந்தான். முத்துக்குமரன் மேலே தொங்கிய பனிக்கு நேர் கீழே வந்து, தேடி, தோண்டி, இவன் முகத்தையும் ஒரு கையையும் வெளியே எடுத்தான். அப்போது மிச்சப் பனி இறங்கியது. இவனைத் தாண்டிப் போய் அவனை மூடியது.

"நீ வெளிய வந்தியா?"

"வந்தேன் மேடம். பத்து நிமிஷத்துல."

"அவன் மிஷின் 'தேடு'ல இருந்ததால சிக்னல் வராது, சரி. உனக்கு கண்ணு இருந்துச்சி, கையி இருந்துச்சி. எவ்ளோ நேரம் தேடின?"

அவன் ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டான்.

"எவ்ளோ நேரம்டா?"

"தேடல. திரும்பவும் இடிஞ்சிடும்னு பயம். கீழ எறங்கிட்டேன். முக்கா மணி நேரம் கழிச்சி ஓட்டல்ல சொன்னேன்."

நான் அவன் கையைப் பிடித்து அந்தக் கட்டைப் பிரித்தேன். நகம் அழகாக, ஒழுங்காக வெட்டி, மருதாணி வைக்கிற அளவுக்குச் சுத்தமாக இருந்தது. கையை விட்டதும் என் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன். சாணி தொட்டபோதுகூட நான் துடைக்கவில்லை.

கேட்டுக்கு வெளியே மகாலட்சுமி கம்பியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தெருக்காரர்களில் ஒருத்தர் தொண்டையைக் கனைத்து, "சரி, தணிகைவேலு. மருமவ மேல தப்பு இல்லன்னு ஆயிடுச்சி. கொழந்தைய குடுத்துடு" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. கிளம்பலாம் என்று சாவியை எடுத்தேன்.

அக்கா நகரவில்லை. தணிகைவேலையே பார்த்துக்கொண்டிருந்தார். விஜயராஜைப் பார்த்ததைவிட மோசமாக.

"பார்சல யாரு பிரிச்சது?"

"நான்தான்" என்றார் அவர்.

"கையுறைக்கு குங்குமம் வச்சீங்க. தொப்பிக்கு வச்சீங்க. வெறும் பைக்குக்கூட வச்சீங்க. புள்ள கடைசியா கைல புடிச்ச சாமான மட்டும் ஏன் சாணியப் பூசி, மூணு மம்மட்டிக்கு நடுவுல ஒளிச்சீங்க?"

மீசை ஒருமுறை துடித்தது. இடுப்புச் சாவிக்கொத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"இந்த அம்மாவுக்கு மம்மட்டின்னா மம்மட்டி. உங்களுக்கு அப்பிடி இல்ல. அணை கட்ட அவனுக்குக் கத்துக்குடுத்ததே நீங்கதான். பெட்டியத் தொறந்ததும் தெரிஞ்சிருக்கும், எம்புள்ள யாரையோ தோண்டிக்னு இருந்தான்னு."

"தெரியும்" என்றார் தணிகைவேல். "தகடு திரும்பி இருக்கறத பாத்ததுமே தெரியும். அன்னிக்கே தெரியும்."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. தையலம்மாள் தூணிலிருந்து கையை எடுத்தாள்.

"சொன்னா மருமவ பாப்பாவ இட்டுனு போயிடுவா" என்றார் அவர், மனைவியைப் பார்த்து. "அவன்தான் போயிட்டான். அவன் ஜாடைல ஒண்ணாவது வூட்ல இருக்கட்டுமேன்னு..."

இதுவரை நான் பார்த்த எந்தத் திருட்டும் இதற்கு ஈடில்லை. பாசத்துக்காகச் செய்தேன் என்று அவர் உண்மையாகவே நம்பினார். அதுதான் தாங்கவில்லை.

தையலம்மாள் அவரிடம் வந்தாள். கத்தவில்லை. அவர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைத் தானே அவிழ்த்தாள்.

"ரெண்டு மாசமா ஊரே எம்புள்ளய திமிரு புடிச்சிச் செத்தான்னு பேசிச்சி. தண்ணி மொள்ளப் போன எடத்துல எல்லாம் தலைய குனிஞ்சிக்னு வந்தேன். நீ தெரிஞ்சிக்னே என்கூட உக்காந்து சோறு துன்னியே யா."

உள்ளே பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. அவள் ஒரு கையில் பாஸ்போர்ட்டோடும் இன்னொரு கையில் பாப்பாவோடும் வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் கேட்டைத் திறந்தாள். மகாலட்சுமி எழுந்து கால்களைத் தொடப்போனாள். தையலம்மாள் விலகிக்கொண்டாள்.

"உன்ன நான் பேசின பேச்சுக்கு என் கால தொடாத. புள்ளைய புடி."

பாப்பா அம்மாவின் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, இப்போதுதான் அழ ஆரம்பித்தது.

"பெருசானா கேக்கும், அப்பன் எப்பிடி செத்தான்னு" என்றாள் தையலம்மாள். "ஒருத்தன தோண்டி எடுக்கப் போயி செத்தான்னு சொல்லு. அத மட்டும் சொல்லு. எங்களப் பத்தி ஒண்ணும் சொல்லாத."

சொல்லிவிட்டு, தானும் வெளியே வந்து கேட்டைச் சாத்தினாள். திரும்பவும் வீட்டுக்குள் போகவில்லை. வயல் பக்கமாக நடந்து போனாள்.